டாக்டருக்கு மனசு மரத்துவிடுமா? கெட்ட செய்தி சொல்லும் வேலையின் அழுத்தம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஐசியு வாசலில் காத்திருந்தவர்களில் பலர் ஒருமுறையாவது இப்படிச் சொல்லியிருப்பார்கள்: "எவ்வளவு சாதாரணமா சொல்லிட்டுப் போறார் பாரு, இவங்களுக்கெல்லாம் இது பழகிப்போச்சு." சொல்பவர் மேல் தப்பில்லை. அப்பா போய்விட்டார் என்ற செய்தியை இரண்டே நிமிடத்தில் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த படுக்கைக்கு நடக்கிற ஒருவரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மருத்துவர்கள் நடுவிலும் இதே எண்ணம் வேறு உருவத்தில் உலவுகிறது. "இதுக்கே கலங்கினா எப்படி, போகப் போகச் சரியாயிடும்" என்று சீனியர் ஜூனியரிடம் சொல்வார்.

இரண்டு பேரும் நம்புவது ஒன்றைத்தான்: கெட்ட செய்தி சொல்வதற்குத் தேவை மனத்திடம், அது நாள்பட நாள்படத் தானாக வந்துவிடும். இது சரியில்லை என்பதற்குக் கடந்த ஐம்பது அறுபது வருட ஆய்வுகளில் நிறைய ஆதாரம் இருக்கிறது. நாம் வெளியிலிருந்து பார்க்கிற அந்த வறட்சி, பெரும்பாலும் உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் கையாளத் தெரியாததால் வருவது. கையாளுவதைக் கற்றுக்கொள்ள முடியும், கற்றுத்தரவும் முடியும். அது எப்படி என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

## துபாய்க்கு யார் போன் போடுவது?

ஊரில் அப்பா தவறிவிட்டார், மூத்த மகன் துபாயில் இருக்கிறார், யாராவது போன் போட்டுச் சொல்லியாக வேண்டும். வீட்டில் பத்துப் பேர் இருப்பார்கள், போன் மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும். "நீங்களே சொல்லுங்க சித்தப்பா, நீங்கதான் பக்குவமா சொல்லுவீங்க." சித்தப்பா மாமாவிடம் தள்ளுவார். கடைசியில் போனை வாங்குகிறவரும் உள்ளதைச் சொல்ல மாட்டார், "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்குப்பா, கிடைச்ச ஃபிளைட்டைப் பிடிச்சுக் கிளம்பி வா" என்பார். அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பாதி புரிந்துவிடும், ஆனாலும் அவரும் கேட்க மாட்டார்.

இந்தத் தயக்கத்தை முதலில் முறையாக ஆராய்ந்தவர்கள் சிட்னி ரோசன், ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். 1970இல் அவர்கள் இதற்கு 'மம் விளைவு' என்று பெயர் வைத்தார்கள் ('மம்' என்றால் ஆங்கிலத்தில் வாய் திறக்காமல் இருப்பது). கெட்ட செய்தியைக் கையில் வைத்திருப்பவர், அந்தக் கெடுதலுக்குத் தான் காரணமே இல்லை என்றாலும், அதைச் சொல்லத் தயங்குவதும் தள்ளிப்போடுவதும் மழுப்புவதும்தான் மம் விளைவு. காரணங்கள் நமக்கும் தெரிந்தவைதான். கேட்பவரின் துக்கம் நம்மையும் பிடித்துக்கொள்ளும் என்ற பயம், நாம் நன்றாக இருக்க அவருக்கு இப்படி ஆயிற்றே என்ற குற்றவுணர்ச்சி, சொன்ன வாயைத்தான் அவர் வெறுப்பார் என்ற அச்சம்.

இந்த போன் நமக்கு வாழ்க்கையில் நாலைந்து முறை வரும். புற்றுநோய்ப் பிரிவிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ இருக்கும் மருத்துவருக்கு வாரத்தில் பல முறை வரும், அதுவும் முன்பின் தெரியாதவர்களிடம். இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. துபாய்க்குப் பேசும் மாமா அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தவர் இல்லை, டாக்டரோ பார்த்தவர். "நேத்தே வென்டிலேட்டர் வெச்சிருக்கணுமோ?" என்ற கேள்வியை மனதில் சுமந்துகொண்டுதான் அவர் வாசலுக்கு வருகிறார். எதிரே நிற்பவரும் அதே கேள்வியைக் கேட்கப் போகிறார் என்றும் அவருக்குத் தெரியும்.

## எதுவெல்லாம் கெட்ட செய்தி?

மரணச் செய்தி மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ராபர்ட் பக்மன் என்ற புற்றுநோய் மருத்துவர் 1984இல் கொடுத்த விளக்கத்தைத்தான் இன்றும் எல்லாரும் எடுத்தாளுகிறார்கள். ஒருவர் தன் எதிர்காலத்தைப் பற்றி வைத்திருக்கும் பார்வையைப் பெரிய அளவில் மோசமாக மாற்றுகிற எந்தச் செய்தியும் கெட்ட செய்தி என்றார் அவர். சர்க்கரை நோயாளியிடம் கால் விரலை எடுக்க வேண்டும் என்பது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்பது, ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் கோளாறு தெரிகிறது என்பது, லாரி ஓட்டிப் பிழைப்பவரிடம் உங்களுக்கு வலிப்பு நோய், இனி வண்டியைத் தொடக் கூடாது என்பது, எல்லாமே இதில் அடங்கும்.

இந்த விளக்கத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அது மருத்துவரின் அழுத்தத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. செய்தி எவ்வளவு கெட்டது என்பது நோயின் பெயரில் இல்லை, நோயாளி எதிர்பார்த்து வந்ததற்கும் உள்ள நிலைமைக்கும் நடுவே இருக்கும் தூரத்தில் இருக்கிறது. "ஏதோ பெரிய வியாதிதான்" என்று ஊகித்துவிட்டு வந்தவருக்குப் புற்றுநோய் என்ற சொல் ஓரளவு எதிர்பார்த்ததே. வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை வாங்க வந்தவருக்கு அதே சொல் இடி. எதிரே இருப்பவர் என்ன நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரியாமல் பேச ஆரம்பிக்கிற மருத்துவர், எவ்வளவு ஆழம் என்று தெரியாமலே இறங்குகிறார். அவருக்கு வரும் பதற்றத்தில் பாதி அங்கிருந்து வருகிறது.

## உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஆபத்தைக் கண்டால் உடம்பு அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கிறது. இரண்டும் ஹார்மோன்கள். இதயம் வேகமாக அடிக்கும், கை வியர்க்கும், வாய் உலரும், கவனம் ஒரு புள்ளியில் குவிந்து சுற்றி இருப்பதெல்லாம் மங்கும். பாம்பைப் பார்த்தாலும் இதுதான், ஒரு தாயிடம் குழந்தை பிழைக்கவில்லை என்று சொல்லப் போகும்போதும் இதுதான்.

ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை உட்காரவைத்து, மருத்துவர்களையும் மருத்துவ மாணவர்களையும் கெட்ட செய்தி சொல்லவைத்து, இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். எதிரே இருப்பது நடிகர் என்று தெரிந்தும் அழுத்தம் ஏறுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வில் வந்த இன்னொரு முடிவை இந்தக் கட்டுரையில் நீங்கள் முக்கியமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். மோசமாகச் செய்தி சொன்னதோடு சேர்ந்து காணப்பட்டது அனுபவக் குறைவு இல்லை, களைப்பும் வேலை அழுத்தத்தால் உள்ளே வற்றிப்போன நிலையும்தான்.

அடுத்தது, இருப்பதிலேயே முக்கியமான இடம். 1996இல் டாசெக், எபர்ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள். டாக்டரின் அழுத்தமும் கேட்பவரின் அழுத்தமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. டாக்டருக்கு, பயாப்சி ரிப்போர்ட்டைப் பார்த்த நிமிடத்திலேயே அழுத்தம் தொடங்கிவிடுகிறது. நோயாளி ஓபி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது ஏறிக்கொண்டே வந்து, சொல்லும் கணத்தில் உச்சத்துக்குப் போய், சொல்லி முடித்ததும் இறங்க ஆரம்பிக்கிறது. கேட்பவருக்கோ அந்தக் கணத்தில்தான் தொடங்கவே செய்கிறது. அவருடைய உச்சம் அதற்குப் பிறகு வரும், சில சமயம் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு.

இதை மனதில் வைத்துக்கொண்டு மருத்துவமனையில் நாம் பார்க்கும் காட்சிகளைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். டாக்டர் ஏன் மூச்சுவிடாமல் பேசுகிறார்? உச்சத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று உடம்பு அவசரப்படுத்துகிறது. ஏன் 'மெட்டாஸ்டாசிஸ்', 'ப்ரோக்னோசிஸ்' என்று நமக்குப் புரியாத சொற்களாகக் கொட்டுகிறார்? அந்தச் சொற்கள் அவருக்குக் கூச்சமோ வலியோ தருவதில்லை, 'பரவிவிட்டது', 'இனி அதிக நாள் இல்லை' என்பவை தருகின்றன. சொன்ன கையோடு ஏன் "அடுத்து கீமோ ஆறு சைக்கிள்" என்று போய்விடுகிறார்? அவருக்கு அழுத்தம் வடிந்துவிட்டது, தெரிந்த தரைக்கு வந்துவிட்டார். எதிரே இருப்பவருக்கு முதல் வாக்கியத்துக்கு மேல் எதுவும் காதில் ஏறியிருக்காது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கெட்ட செய்தி சொல்லத் தயங்குவது மனித இயல்பு. மருத்துவருக்கு அதோடு பொறுப்புணர்ச்சியும் சேர்கிறது. அவருடைய உடம்பு அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அவருடைய அழுத்தம் இறங்கும் நேரத்தில் நம்முடையது ஏறுகிறது, அந்த இடைவெளியைத்தான் நாம் அலட்சியம் என்று படித்துக்கொள்கிறோம்.

## சொல்லும் விதமே ஒரு சமாளிப்பு

டக்ளஸ் மேனார்ட் என்ற சமூகவியலாளர் கெட்ட செய்தி சொல்பவர்களின் உரையாடல்களை வருடக்கணக்கில் பதிவு செய்து ஆராய்ந்தவர். மனிதர்கள் இதை மூன்று விதமாகச் செய்கிறார்கள் என்றார்: ஒரேயடியாகப் போட்டு உடைப்பது, இழுத்தடிப்பது, முன்னறிவிப்புக் கொடுத்துச் சொல்வது.

முதல் இரண்டும் பெரும்பாலும் சொல்பவரின் வேதனையைக் குறைக்கும் வழிகள். போட்டு உடைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். இழுத்தடித்தால் இன்றைக்குச் சொல்ல வேண்டாம். "இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம்", "இருபத்திநாலு மணி நேரம் போகட்டும்", "சீஃப் நாளைக்கு வந்து சொல்லுவார்" எல்லாவற்றுக்கும் உண்மையான மருத்துவக் காரணம் இருக்கும் நேரமும் உண்டு, மருத்துவரால் சொல்ல முடியாமல் போகும் நேரமும் உண்டு. வெளியே நிற்பவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. "பில்லை ஏத்தத்தான் இழுக்குறாங்க" என்ற முடிவுக்கு அவர் எளிதாக வந்துவிடுவார்.

மூன்றாவது வழி இரண்டு பக்கத்துக்கும் உதவுகிறது. "ரிப்போர்ட் வந்திருக்கு ஐயா, நாம நெனைச்ச மாதிரி இல்ல" என்று ஒரு வாக்கியம், பிறகு கொஞ்சம் மௌனம், பிறகு செய்தி. கேட்பவர் அந்த மௌனத்தில் தன்னைத் தயார் செய்துகொள்கிறார். சொல்பவரும் ஒரேயடியாகக் குதிக்காமல் படிப்படியாக இறங்குகிறார். சித்தப்பாவோ மாமாவோ போனில் "சீரியஸா இருக்கு" என்றது இதன் அரைகுறை வடிவம், அவர் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமலே வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

## சொல்லாமலே விட்டால் நிம்மதியா?

பல காலம் மருத்துவ உலகம் அப்படித்தான் நம்பியது. 1847இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிட்ட முதல் நெறிமுறையே, மருத்துவரின் சொல்லும் நடத்தையும்கூட நோயாளியின் ஆயுளைக் குறைக்கலாம், ஆகவே மனதைத் தளரவைக்கும் பேச்சைத் தவிர்க்க வேண்டும் என்றது. 1961இல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையில் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூறு மருத்துவர்கள் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதே தங்கள் வழக்கம் என்றார்கள். 1979இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு தொழிலின் பழக்கம் தலைகீழாகிவிட்டது. சிகிச்சைகள் பெருகின, நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்ற எண்ணம் வலுத்தது.

நம் ஊரில் கதை வேறு. இங்கே சொல்ல வேண்டாம் என்பது பெரும்பாலும் டாக்டர் இல்லை, குடும்பம். எந்தப் புற்றுநோய் ஓபியிலும் இதைப் பார்க்கலாம். எழுபது வயதுப் பெரியவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, மகன் மட்டும் ஃபைலோடு முன்னால் உள்ளே வருவார். கதவை மெதுவாகச் சாத்துவார். "மேடம், அப்பாகிட்ட வயித்துல புண்ணுன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். தெரிஞ்சா அன்னைக்கே உடைஞ்சு போயிருவார். நீங்களும் அப்படியே சொல்லிருங்க மேடம்." பின்னாலேயே பெரியவர் வருவார், கும்பிடுவார், உட்காருவார். அவர் கையில் இருக்கும் சீட்டில் மருத்துவமனையின் பெயரே புற்றுநோய் மருத்துவமனை என்று அச்சாகியிருக்கும். அவரும் கேட்க மாட்டார். அந்த அறையில் உள்ள மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றை மூன்று பேரும் சுற்றிச் சுற்றிப் போவார்கள்.

மருத்துவருக்கு இது சுலபமாகத் தோன்றலாம், சொல்லும் வேலை மிச்சம்தானே. உண்மையில் சுமை கூடுகிறது. உள்ளே உணர்வது ஒன்று, முகத்தில் காட்ட வேண்டியது இன்னொன்று என்றால் அந்த இரண்டையும் பிடித்து நிறுத்துவதே ஒரு உழைப்பு. ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் இதை 'உணர்ச்சி உழைப்பு' என்று அழைத்தார். சொல்லிவிட்டால் அந்த அழுத்தம் ஒரு நாளோடு போகும். மறைத்தால் ஒவ்வொரு வருகையிலும், ஒவ்வொரு கீமோவிலும், முடி கொட்டும்போது "இது ஏன் மேடம் இப்படிக் கொட்டுது?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் திரும்ப நடிக்க வேண்டும்.

இதைக் கையாளத் தெரிந்தவர்கள் மகனோடு சண்டை போடுவதில்லை. "உங்க பயம் எனக்குப் புரியுது. நானா எதையும் போட்டு உடைக்க மாட்டேன். ஆனா அவரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன், சரியா?" என்று முதலில் ஓர் உடன்பாடு செய்துகொள்வார்கள். பிறகு பெரியவரிடமே, "ஐயா, உங்க உடம்புல என்ன பிரச்சினைன்னு நீங்க நெனைக்கிறீங்க? எல்லா விவரமும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல தம்பிகிட்ட பேசிக்கட்டுமா?" என்று கேட்பார்கள். சிலர் "அவன்கிட்டயே பேசிக்கோங்கம்மா" என்பார்கள், அது அவர்களுடைய உரிமை. சிலர் "எனக்குத் தெரியும்மா, பையன் பயப்படுவான்னுதான் கேக்கல" என்பார்கள். எந்தப் பதில் வந்தாலும் மருத்துவர் நடிப்பதிலிருந்து விடுபடுகிறார்.

## மரத்துப் போவதும் சோர்ந்து போவதும்

ஓரளவு மரத்துப் போவது உண்மைதான், அது தேவையும்கூட. ஜான் டெசெட்டி என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவர் குழுவும் 2010இல் ஒரு சோதனை செய்தார்கள். ஊசி குத்தும் படங்களையும் பஞ்சுக்குச்சி தொடும் படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். சாதாரண மக்களின் மூளை இரண்டையும் உடனே வேறுபடுத்தியது, வலியைக் கண்டு துள்ளியது. மருத்துவர்களின் மூளையில் அந்தத் துள்ளல் தெரியவில்லை. அலறும் குழந்தைக்குத் தையல் போடுகிறவர் அலறலிலேயே நின்றுவிட்டால் தையல் நடக்காது, அந்த அளவுக்கு இது நல்லது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஊசி குத்தும்போது வேண்டிய அதே கவசத்தை நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போதும் கழற்றாமல் இருப்பதில். காலப்போக்கில் அது வேறொன்றாக ஆகிவிடும். அதற்கு 'பர்ன் அவுட்' என்று பெயர். வேலையிலேயே தொடர்ந்து வரும் தீராத அழுத்தத்தால் ஒருவர் உள்ளே வற்றிப்போகும் நிலை அது. கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இதில் மூன்று அடையாளங்களைக் காட்டினார்: உணர்வு முழுக்கக் காலியாகிவிட்ட களைப்பு, மனிதர்களைக் கேஸ்களாகப் பார்க்கத் தொடங்குவது, நான் செய்வதால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம். "பதினேழாம் பெட் என்னாச்சு?" என்று கேட்பது வேலை வேகத்தில் எல்லாரும் பேசுகிற பேச்சு. அந்தப் பெட்டில் இருப்பவரின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படியானால் உருகி உருகி அழும் டாக்டர்தான் நல்லவரா? இல்லை. அடுத்தவர் வலியை நம் வலியாகவே உணர்வது ஒன்று, அவர் வலியைப் பார்த்து அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று மனம் அவர் பக்கம் போவது இன்னொன்று. முன்னதைப் பரிவுத் துயரம் என்றும் பின்னதைக் கருணை என்றும் வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் டானியா சிங்கர், ஓல்கா கிலிமெக்கி இருவரும் செய்த ஆய்வுகளில் இவை மூளையின் வெவ்வேறு வலைப்பின்னல்களில் நடப்பதாகத் தெரிந்தது. முதலாவதை மட்டும் பயிற்சி செய்தவர்களின் மனநிலை மோசமானது, இரண்டாவதைப் பயிற்சி செய்தபோது தேறியது. நோயாளிக்காக அதிகம் கவலைப்பட்டதால் டாக்டர் தளர்ந்துபோகிறார் என்ற பேச்சு பாதிதான் உண்மை. அவரைத் தளர்த்துவது, எதையும் செய்ய வழியில்லாமல் வலியோடு மட்டும் உட்கார்ந்திருப்பது.

ஆகவே மரத்துப் போவது ஒரு கருவி, எப்போதும் கையில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. வலியில் முங்கிப்போவதும் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் பழக வேண்டிய திறமை.

## எது உதவுகிறது?

முதலில், தயாரிப்பு. 2000ஆம் ஆண்டில் வால்டர் பெய்ல், பக்மன் முதலியோர் 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறையை வெளியிட்டார்கள். தனியான இடத்தில் உட்காருவது, நோயாளிக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, எளிய சொற்களில் சொல்வது, வருகிற உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பேசுவது. பார்க்க நோயாளிக்கான மரியாதை போலத்தான் இருக்கும். அதே அளவுக்கு இது மருத்துவருக்கான கைப்பிடியும்கூட. அடுத்த அடி தெரிந்தவருக்குப் பதற்றம் குறையும். இரண்டாவது படியில் கேட்கும் ஒரே கேள்வி, முன்னால் சொன்னேனே ஆழம் தெரியாமல் இறங்குவது என்று, அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது.

ஐந்தாவது படிதான் பலருக்கும் தடுமாற்றம். அழுகையைக் கண்டதும் அதை நிறுத்த வேண்டும் என்று கை பரபரக்கும். "அழாதீங்க, தைரியமா இருங்க" என்பது கேட்பவருக்கு ஆறுதல் போலத் தெரிந்தாலும், பெரும்பாலும் சொல்பவர் தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்வது. எதுவும் பேசாமல் கூட இருப்பதையும் ஒரு சிகிச்சைச் செயலாக எண்ணிப் பழகியவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் தாங்கக்கூடியதாகிறது.

அடுத்தது, தனக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லில் வைப்பது. உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும்போது, மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு அடங்குவதை மேத்யூ லீபர்மன் குழு 2007இல் காட்டியது. "எனக்கு இப்ப பயமா இருக்கு, இந்தப் பொண்ணு என் தங்கச்சி வயசு" என்று கதவைத் திறப்பதற்கு முன் தனக்குள் ஒப்புக்கொள்கிறவர், எதுவுமே இல்லை என்று அழுத்திக்கொண்டு போகிறவரைவிட நிதானமாகப் பேசுவார்.

அப்புறம், முடிந்த பிறகு வரும் ஒரு சின்ன இடைவெளி. அமெரிக்காவில் விர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவு செவிலியர் ஜொனாதன் பார்ட்டெல்ஸ் தொடங்கிய வழக்கம் இது. ஒருவர் இறந்ததும், சுற்றி நின்று உழைத்த எல்லாரும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அமைதியாக நிற்பார்கள். இவரும் யாரோ ஒருவருக்குப் பிள்ளையாகவும் நண்பராகவும் இருந்தவர் என்று நினைவுகூர்வார்கள். பிறகு அடுத்த வேலை. நேரமே இல்லை என்கிற இடத்திலும் இது முடியும், அதனால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது.

நீண்ட காலத்துக்கு உதவுவது கூடிப் பேசுவது. பாஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நாற்பது வயதில் நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்தார். தன்னைக் கவனித்தவர்களின் சின்னச் சின்னக் கனிவுகள் தாங்க முடியாததையும் தாங்கவைத்தன என்று எழுதிவிட்டுப் போனார். அவர் பெயரில் தொடங்கிய அமைப்பு நடத்தும் கூட்டங்களில் மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு நோயாளியின் மருந்தைப் பற்றிப் பேசாமல் அவர் தங்களை எப்படிப் பாதித்தார் என்பதை மட்டும் பேசுகிறார்கள். இன்று பல நாடுகளில் இது நடக்கிறது. சீனியர் ஒருவர் எல்லார் முன்னாலும் "அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல" என்று சொன்னால், அங்கே உட்கார்ந்திருக்கும் பயிற்சி மருத்துவருக்கு அது பத்து வகுப்புக்குச் சமம்.

பயிற்சியால் இது மாறுமா என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் 1996இல் வெளியான பெரிய ஆய்வில், பேசுவதற்குப் போதிய பயிற்சி பெறவில்லை என்று உணர்ந்த மருத்துவர்களிடம் பர்ன் அவுட் அதிகம் இருந்தது. 2002இல் லெஸ்லி ஃபாலோஃபீல்ட் குழு 160 புற்றுநோய் மருத்துவர்களை வைத்துச் செய்த சோதனையில், மூன்று நாள் பயிற்சி எடுத்தவர்களின் பேச்சுமுறை தெளிவாக மேம்பட்டது. இருபது வருட அனுபவம் தானாகத் தராததை மூன்று நாள் பயிற்சி தந்தது என்றால், அனுபவம் வந்தால் சரியாகும் என்று சொல்லிக்கொண்டிருப்பதில் என்ன நியாயம்?

## பயிற்சியால் மட்டும் தீராதவை

தனியான இடத்தில் உட்கார்ந்து பேசு என்கிறது ஸ்பைக்ஸ். நம் மருத்துவமனைகளில் இரவு மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். டியூட்டியில் இருக்கும் பிஜி (மேற்படிப்பு) மாணவர் அரை மணி நேரம் மார்பை அழுத்திப் பார்த்துவிட்டு நிறுத்துகிறார். ஈசிஜியில் நேர்கோடு. கண்மணியில் டார்ச் அடித்துப் பார்க்கிறார், நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதி, ஈசிஜி தாளைக் கிழித்து ஒட்டுகிறார். வெளியே வராந்தாவில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். "பதினேழாம் பெட் அட்டெண்டர் யாரு?" என்று குரல் கொடுத்ததுமே பத்துத் தலை நிமிர்கிறது. உட்கார நாற்காலி இல்லை, மூட ஒரு கதவு இல்லை, சுற்றியிருக்கும் பத்துக் குடும்பமும் கேட்கச் சொல்லியாக வேண்டும். அவர் அன்று காலை எட்டு மணியிலிருந்து பணியில் இருக்கிறார். சீஃப் வீட்டில் தூங்குகிறார். மிகக் கடினமான உரையாடல் மிகக் களைத்தவர் தலையில், அனுபவம் மிகக் குறைந்தவர் தலையில் விழுகிறது.

அதோடு அடி விழுமோ என்ற பயம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தண்டிக்கத் தனிச் சட்டம் 2008லேயே வந்துவிட்டது. அப்படியும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை ஒரு நோயாளியின் மகன் பணியிடத்திலேயே கத்தியால் குத்தினார். அந்தச் செய்தியைப் படித்த பிறகு வாசலுக்கு வரும் இளம் மருத்துவர், செக்யூரிட்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கதவை ஒட்டி நின்று, நாலே வாக்கியத்தில் முடித்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த நாலு வாக்கியம்தான் வெளியே இருப்பவரின் கோபத்தைக் கிளறுகிறது என்பதும் உண்மை. பயம் பேச்சைச் சுருக்குகிறது, சுருங்கிய பேச்சு சந்தேகத்தைத் தருகிறது, சந்தேகம் மறுபடி பயத்தைத் தருகிறது.

இதை மருத்துவர் தனியாக உடைக்க முடியாது. வார்டுக்குப் பக்கத்தில் கதவு உள்ள ஒரு சின்ன அறை, நாலு நாற்காலி, ஒரு குடம் தண்ணீர், மரணச் செய்தி சொல்லும்போது கூட நிற்க ஒரு செவிலியர் அல்லது ஆலோசகர், சொன்ன பிறகு பத்து நிமிடம் வேறு யாராவது வார்டைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. பெரிய செலவு இல்லை. 2019 முதல் இந்திய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் மனப்பான்மை, நெறிமுறை, உரையாடல் பற்றிய 'ஏட்காம்' பகுதி சேர்ந்திருக்கிறது, அது நல்ல தொடக்கம். வகுப்பில் கற்றதை வராந்தாவில் செய்ய இடம் வேண்டும், பக்கத்தில் நின்று பார்க்க ஒரு சீனியரும் வேண்டும்.

குடும்பத்தின் பக்கமிருந்தும் சிலது செய்யலாம். டாக்டரோடு பேச வீட்டில் ஒருவரை நியமித்துவிடுங்கள், ஆளாளுக்குப் போய்த் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதிலோடு வருவீர்கள். கேட்க வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் டாக்டர், உள்ளதைச் சொல்லுங்க, நாங்க தாங்கிக்குவோம்" என்று நீங்களே ஆரம்பித்துக் கொடுத்தால் எதிரே இருப்பவரின் தயக்கம் அங்கேயே பாதி கரையும். முதல் முறை சொன்னது எதுவும் மனதில் நிற்காது, எல்லாருக்கும் அப்படித்தான். அதனால் எழுந்து வருவதற்கு முன் "மறுபடி எப்ப வந்து பேசலாம்?" என்று கேட்டு, நாளையும் நேரத்தையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.